மறைகொழுப்பு

"முப்பத்தொன்று" என்றது எடை மேடை.

குரலென்னவோ இனிமையான குரல்தான். வானொலி நாடகத்தில் மூத்த மருமகளாக நடிக்க வைக்கலாம். அந்தக் குரலில் யாரும் யாரையும் சாகச் சொல்ல முடியும் என்று நம்பவே முடியாது.

இசக்கியம்மாள் இறங்கவில்லை. "இன்னொரு தடவ பாரு, ரெஜினா."

"மூணு தடவ பாத்தாச்சுக்கா."

"நாலாவது தடவ பாத்தா உன் மெஷினு தேஞ்சா போயிரும்?"

டயாலிசிஸ் டெக்னீஷியன் ரெஜினாள் நாலாவது தடவையும் பொத்தானை அழுத்தினாள். முப்பத்தொன்று. திரையில் சிவப்பு எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. இசக்கியம்மாள், வயது 44. எடை 41.2 கிலோ. உடல் கொழுப்பு 14 விழுக்காடு. டயாலிசிஸ் அனுமதி: வாரம் ஒரு முறை.

போன திங்கட்கிழமை வரை அவளுக்கு வாரம் மூன்று முறை.

"ஒரு தடவயா?" இசக்கி திரையையே பார்த்தாள். "ஏழு நாள் மூத்திரத்த ரத்தத்துல வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

நாலாம் நம்பர் நாற்காலியில் சாய்ந்திருந்த மக்ரூன் கடை கனகராஜ், கையில் ஊசியும் குழாயுமாக இருந்தபடியே தலையை மட்டும் தூக்கினார். தொண்ணூற்றாறு கிலோ. அவருடைய புள்ளி எழுபத்தெட்டு.

"இசக்கி, நீ சாப்பிடணும்ட்டி. என்னயப் பாரு. முப்பது வருசமா டாக்டருமாரு எல்லாரும் தொப்பையக் குறை, தொப்பையக் குறைன்னு உயிர எடுத்தானுவ. ஒருத்தன் பேச்சயும் கேக்கல. இன்னைக்கு அந்தத் தொப்பைதான் எனக்கு ரேஷன் கார்டு."

"ஒமக்கென்ன அண்ணாச்சி, சீனியிலயே பொறந்து சீனியிலயே வளந்தீரு. நான் உப்புல வளந்தவ."

ரெஜினாள் சிரிக்கவில்லை.

2041-இல் அந்தக் கடலோர ஊரில் சிறுநீரகம் செத்தவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். முக்கால்வாசிப் பேர் உப்பளத்துக்காரர்கள். வெயில் ஏற ஏற, பாத்திக்குள் நின்று உப்பு வாரியவர்களின் உடம்பு உள்ளுக்குள் வற்றியது. டயாலிசிஸ் மையத்தில் நாற்காலிகள் மட்டும் அதே பன்னிரண்டு. யாருக்கு எத்தனை முறை என்று முடிவு செய்ய வேண்டிய தலைவலியை, சென்னையில் இருந்தவர்கள் ஒரு மென்பொருளின் தலையில் கட்டினார்கள். அதற்கு 'நிறைகோல்' என்று அழகாகத் தமிழில் பெயர் வைத்தார்கள்.

நிறைகோலுக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்த ஆள் இன்னும் இரண்டு வருடம் இருப்பாரா? பழைய நோயாளிகளின் பதிவுகள் லட்சக்கணக்கில் அதற்கு ஊட்டப்பட்டிருந்தன. அதில் அது கண்டுபிடித்த பெரிய உண்மை இதுதான்: டயாலிசிஸில் இருப்பவர்களில், உடம்பில் கொழுப்பு உள்ளவர்கள் அதிக நாள் இருக்கிறார்கள். மெலிந்தவர்கள் சீக்கிரம் போகிறார்கள். ஆகவே நாற்பது புள்ளிக்கு மேல் என்றால் வாரம் மூன்று முறை. நாற்பதுக்குக் கீழே ஒரு முறை. இருபத்தைந்துக்கும் கீழே போனால் வீட்டுக்கு வலி மாத்திரை வரும்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லோரும் அந்த மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பொன்னுலிங்கம் போனார். அவரும் உப்பளம். முப்பத்தாறு புள்ளி. வாரம் ஒரு முறைக்கு இறக்கப்பட்டவர், இரண்டாவது வாரமே நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டு, மூச்சுக்குத் தவித்தபடி ஷேர் ஆட்டோவில் மையத்துக்கு வந்து சேர்ந்தார். அன்று அவருக்கு முறை இல்லை. நாற்காலி அவருடைய மணிக்கட்டுப் பட்டையைப் படித்துவிட்டு இயங்க மறுத்தது. ரெஜினாள் உள்ளங்கை சிவக்கச் சிவக்க அந்த நாற்காலியை அடித்தாள். அது இரும்பு.

மெலிந்தவர் ஒருவர் இறந்தார் என்ற செய்தி மட்டும் ஒழுங்காகச் சென்னைக்குப் போனது. நிறைகோல் அதையும் படித்து, மெலிந்தவர்கள் இறப்பார்கள் என்று இன்னும் கொஞ்சம் உறுதியாக நம்பத் தொடங்கியது.

"குறைச்சது நீங்க, செத்தது அவரு, கணக்கு மட்டும் எப்பிடி சார் சரியா வரும்?" என்று உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கத்தினாள் ரெஜினாள். எதிர்முனையில் இருந்த பையன், "உங்க கருத்து பதிவு செய்யப்பட்டது மேடம்" என்றான்.

இப்போது இசக்கி.

அடுத்த திங்கட்கிழமை ஊரில் தண்ணீர் வரவில்லை. எங்கோ பிரதான குழாய் உடைந்துவிட்டதாம். தொட்டியில் இருந்த சுத்திகரித்த நீர் மெஷின்களுக்கே போதுமா என்று சந்தேகம். ஒரு சொட்டுகூட வேறெதற்கும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மேடையில் ஏறுமுன் நோயாளியின் உள்ளங்காலை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும் என்பது விதி. அன்று துணி காய்ந்து கிடந்தது. "அப்பிடியே ஏறுங்கக்கா" என்றாள் ரெஜினாள்.

இசக்கி ஏறினாள்.

"ஐம்பத்தெட்டு" என்றது குரல்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏ ரெஜினா, இது யாரு புள்ளி?"

"உங்க புள்ளிதான்." ரெஜினாள் திரையைப் படித்தாள். எடை 41.6. உடல் கொழுப்பு 37 விழுக்காடு. அனுமதி: வாரம் மூன்று முறை.

"எனக்குக் கொழுப்பா? எங்க இருக்கு? வாயிலயா?"

ரெஜினாள் குனிந்து இசக்கியின் காலைத் தூக்கிப் பார்த்தாள். இருபத்தைந்து வருடம் உப்புப் பாத்தியில் நின்ற கால். உள்ளங்கால் முழுக்க மரப்பட்டை மாதிரி காய்த்துப்போய், வெடித்து, வெடிப்புகள் வெள்ளை பூத்திருந்தன. விரலால் தட்டினால் 'டொக்' என்று சத்தம் வரும்.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது.

"அக்கா, இந்த மேடை ஒரு கால் வழியா கரண்ட விட்டு இன்னொரு கால் வழியா எடுக்குது. நமக்குத் தெரியாத அளவு சின்னக் கரண்ட். உடம்புல தண்ணியும் சதையும் இருந்தா கரண்ட் சல்லுனு போயிரும். கொழுப்பு இருந்தா தடுக்கும். எவ்வளவு தடுக்குதோ அவ்வளவு கொழுப்புன்னு இது எழுதிக்கிடும்."

"சரி?"

"உங்க தோலு தடுத்துருக்கு. ஈரம் இல்லாத காய்ப்பு. அத இந்தச் சனியன் கொழுப்புன்னு நெனச்சிட்டு."

இசக்கி தன் உள்ளங்காலைத் தானே ஒரு முறை தட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை நோக்கி நடந்தாள். "நெனச்சா நெனச்சிட்டுப் போட்டும். ஊசியக் குத்து."

அந்த வாரத்திலிருந்து உப்பளத்துக்காரர்கள் பதினோரு பேருக்கு ரெஜினாள் கால் துடைக்கவில்லை. தண்ணீர் வந்த பிறகும் துடைக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பதினோரு பேரும் நாற்பதைத் தாண்டினார்கள். பதினோரு பேருக்கும் வாரம் மூன்று முறை மெஷின் கிடைத்தது. மூச்சிரைப்பு நின்றது. கால் வீக்கம் வற்றியது. இசக்கி மறுபடி வாய்க்கு ருசியாகக் கருவாடு கேட்க ஆரம்பித்தாள், ரெஜினாள் மறுபடி அதற்காக அவளைத் திட்ட ஆரம்பித்தாள்.

ஆறு மாதம் ஓடியது. பதினோரு பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை.

ஏழாவது மாதம் சென்னையிலிருந்து டாக்டர் இளஞ்சேரன் வந்தார்.

மாட்டிக்கொண்டோம் என்றுதான் ரெஜினாள் நினைத்தாள். ஆனால் அவர் பூங்கொத்தோடு இறங்கினார். முப்பத்தைந்து வயது, மருத்துவர் இல்லை, புள்ளியியலில் டாக்டர். நிறைகோலைக் கட்டிய குழுவில் ஒருவர். முகத்தில் லாட்டரி விழுந்த களை.

"சிஸ்டர், உங்க சென்டர் என்ன சாதிச்சிருக்குன்னு உங்களுக்கே தெரியாது!" மடிக்கணினியைத் திறந்து அவளுக்கு எதிரே திருப்பினார். "இந்தப் பதினோரு பேரைப் பாருங்க. எல்லாரும் எடை கம்மி. பார்க்க ஒல்லி. ஆனா உள்ளே முப்பத்தஞ்சு, நாப்பது பர்சென்ட் கொழுப்பு! எல்லாரும் பிரமாதமா இருக்காங்க. இதுக்கு நான் ஒரு பேரே வச்சிருக்கேன். மறைகொழுப்பு."

"மறை…"

"மறைகொழுப்பு. வெளியே தெரியாத கொழுப்பு. அதுதான் இவங்களைக் காப்பாத்தியிருக்கு. எடை முக்கியமில்ல சிஸ்டர், கொழுப்புதான் முக்கியம்னு இப்ப சந்தேகமே இல்லாம நிரூபணம் ஆயிடுச்சு. கட்டுரை எழுதியிருக்கேன். அடுத்த மாசம் வருது."

ரெஜினாளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அவர் சொன்ன அடுத்த வாக்கியத்தில் அது அங்கேயே நின்றுவிட்டது.

"இதை வச்சு மாநிலம் முழுக்க வரம்பை நாப்பதுலேர்ந்து அம்பத்தஞ்சா உயர்த்தப் போறோம்."

"அப்பிடின்னா?"

"இனி நிஜமாவே கொழுப்பு இருக்கறவங்களுக்குத்தான் மூணு முறை. வீணாகாது பாருங்க."

"எத்தனை பேருக்குக் குறையும் சார்?"

அவர் திரையில் பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தார். "எல்லா மாவட்டமும் சேர்த்தா… இரண்டாயிரத்து நானூறு பேர் ஒரு முறைக்கு இறங்குவாங்க. ஆனா சிஸ்டர், அவங்க எப்படியும்…"

எப்படியும். ரெஜினாளின் காதில் அந்த ஒரு சொல் ஈயம் மாதிரி இறங்கியது. பதினோரு பேரைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய், இரண்டாயிரத்து நானூறு பேருக்குக் கத்தியாகத் திரும்பியிருந்தது. அதுவும் அவள் கையாலேயே தீட்டப்பட்ட கத்தி.

"நாளைக்குக் காலைல உங்களுக்குச் சால்வை" என்று சொல்லிவிட்டு அவர் விடுதிக்குப் போனார்.

அன்று மாலை ஷிப்ட் முடிவதற்குள் ரெஜினாள் இசக்கியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குழாய்க்குள் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. இசக்கி கண்ணை மூடியபடி கேட்டாள்.

"உண்மையச் சொன்னா நீங்க பதினோரு பேரும் நாளைக்கே ஒரு தடவைக்கு இறங்கிருவீய. சொல்லலன்னா எங்கயோ இருக்கவுக சாவாவ. என்ன செய்யன்னு தெரியலக்கா."

இசக்கி கண்ணைத் திறந்தாள். கண்ணில் தீ.

"எங்கிட்ட எதுக்குட்டி கேக்க? என் உசுர எடுத்துத் தராசுல வச்சுட்டு, 'அக்கா, இங்கிட்டு சாய்க்கவா, அங்கிட்டு சாய்க்கவா'ன்னு என்கிட்டயே கேக்கியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

ரெஜினாள் குனிந்து குழாயைச் சரி செய்தாள்.

"'எனக்குப் போதும், விடு'ன்னு நான் சொல்லணும், நீ மனசு சமாதானமா வீட்டுக்குப் போணும். அதான?"

"அப்பிடி இல்லக்கா…"

"அப்பிடித்தான்." இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெஷின் முடிந்து ஊசியைப் பிடுங்கியதும் பஞ்சைத் தானே வாங்கி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டு வாசல் வரை போனவள், நின்றாள்.

"நாளைக்கு அந்தச் சால்வைக்காரன் எத்தன மணிக்கு வாரான்?"

காலை பத்து மணி. சால்வை, தட்டில் கற்கண்டு, சுவரில் கனகராஜின் தொப்பையோடு கூடிய பெரிய சுவரொட்டி. 'நலமான கொழுப்பு, நீண்ட ஆயுள்' என்று கீழே எழுதியிருந்தது. தன் படத்தைப் பார்த்து கனகராஜே நெளிந்தார். "முழுசா பத்து மாச கர்ப்பிணி மாதிரில்ல புடிச்சிருக்கானுவ."

டாக்டர் இளஞ்சேரன் ஒலிபெருக்கியைப் பிடித்து, மறைகொழுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது இசக்கி எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். இடது கையின் ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, முழங்கைக்கு மேல் இருந்த சதையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். சதை என்று அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. எலும்பின் மேல் தோல் தொங்கியது.

"கிள்ளிப் பாரும் சார்."

"அம்மா, கொஞ்சம் உட்காருங்க…"

"கிள்ளும்! என்கிட்ட முப்பத்தேழு பர்சென்ட் இருக்குன்னு சொல்லுதீரே, எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு நீரே கிள்ளி எடும்."

மற்றப் பத்துப் பேரும் எழுந்து வரிசையாகக் கையை நீட்டினார்கள். குச்சி குச்சியாகக் கைகள். இளஞ்சேரன் ஒலிபெருக்கியை மேசையில் வைத்தார். தயக்கத்தோடு இசக்கியின் கையை இரண்டு விரலால் பிடித்தார். அவருடைய இரண்டு விரல்களும் ஒன்றை ஒன்று தொட்டுவிட்டன.

"சிஸ்டர்… ரீடிங் எப்படி…"

ரெஜினாள் சொன்னாள். காய்த்த கால், காய்ந்த துணி, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது.

"இவங்கள எந்தக் கொழுப்பும் காப்பாத்தல சார். மூணு நாள் மெஷின் காப்பாத்துச்சு! குண்டா இருக்கவருக்குக் குடுக்கிறத ஒல்லியா இருக்கவங்களுக்கும் குடுத்தேன், அவரு மாதிரியே இவங்களும் இருக்காங்க. ஒல்லியா இருக்கவன் சாவான்னு கண்டுபிடிச்சீங்களே, அவன் ஏன் ஒல்லியானான்னு யாராச்சும் கேட்டீங்களா? நோவு தின்னு ஒல்லியானான். வெயிலு தின்னு ஒல்லியானான். பசியில்லாம ஒல்லியானான். அவன் ஒல்லியா இருக்கிறது நோவோட அடையாளம் சார், நீங்க அதையே குத்தமாக்கி தண்டன குடுத்துட்டீங்க. மாநிலம் பூரா நானூறு மேடை வாங்கிப் போட்டீங்களே, ஒரு மெஷின் வாங்குனீங்களா?"



இளஞ்சேரன் கெட்டவர் இல்லை. அதுதான் ரெஜினாளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"நீங்க சொல்றது சரின்னா, நிறைகோலோட அடிப்படையே தப்பு. நான் இதைப் பதிஞ்சா வரம்பு ஏறாது. மறுஆய்வுக்குப் போகும். தொண்ணூறு நாள். ஆனா…"

"ஆனா?"

"பதிஞ்ச நிமிஷமே இவங்க பதினோரு பேரும் உண்மையான புள்ளிக்கு வந்துடுவாங்க. வாரம் ஒரு முறை. அதை நான் மாத்த முடியாது. அந்தத் தொண்ணூறு நாளுக்குள்ள இவங்க…" அவர் முடிக்கவில்லை. வேறு மாதிரி முடித்தார். "இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நிறைகோல் சொன்னது சரின்னு மறுஆய்வுக் கமிட்டி முடிவு பண்ணிடும்."

"அதாவது நாங்க சாகக்கூடாது" என்றாள் இசக்கி.

"ஆமா."

"இது ஒரு உத்தரவா சார்? இத்தன நாளு யாரும் எனக்கு இப்பிடி ஒரு உத்தரவு போட்டதில்ல." அவள் ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "பதியும்."

அவர் பதிந்தார்.

அடுத்த புதன்கிழமை காலை, கனகராஜ் தன் நாலாம் நம்பர் நாற்காலிக்கு வந்தார். உட்காரவில்லை. மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி ரெஜினாளிடம் நீட்டினார்.

"இசக்கிக்குக் கட்டு."

"அண்ணாச்சி, விளையாடாதீங்க."

"யாரு விளையாடுதா? திங்கக்கிழமை மட்டுந்தானே அந்த மேடை? மத்த நாளு நாற்காலிக்குப் பட்டைதானே தெரியும், மூஞ்சியா தெரியும்? என் பேருல அவள ஏத்து. எனக்குத் திங்களும் வெள்ளியும் போதும்."

"திங்கள்லருந்து வெள்ளி நாலு நாளு. உங்க ஒடம்புக்குத் தாங்காது."

"என் ஒடம்புக்குத் தாங்கும்னுதான ஒன் கவர்மெண்டு சொவருல படம் புடிச்சு ஒட்டிருக்கு?" கனகராஜின் கன்னச் சதை கோபத்தில் ஆடியது. "எம்மா, என் தொப்பையக் காட்டி அடுத்தவன் சோத்துத் தட்டப் புடுங்கிருக்கானுவ. இத்தன நாளு அது தெரியாம இளிச்சிட்டு உக்காந்திருக்கேன். ஒன்னைய கேக்கல. கட்டுன்னு சொல்லுதேன்."

ரெஜினாள் கட்டினாள். இசக்கி நாலாம் நம்பரில் படுத்தாள். திரை பச்சை விளக்கோடு "வணக்கம், கனகராஜ்" என்றது.

"வணக்கம்" என்றாள் இசக்கி.

வெள்ளிக்கிழமைக்குள் கனகராஜ் இன்னும் பத்துப் பேரை மிரட்டியும் கெஞ்சியும் சேர்த்துவிட்டார். எல்லோரும் கனத்த உடம்புக்காரர்கள். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, இரண்டு லாரி டிரைவர்கள், ஒரு நகைக்கடைக்காரர், இப்படி. ஆளுக்கு ஒரு புதன் அல்லது வியாழன். பதினோரு பேருக்குப் பதினோரு பட்டை. வாரம் ஒரு முறை என்று எழுதப்பட்டவர்களுக்கு, வாரம் இரண்டு. போதாதுதான். சாகாமல் இழுத்துப் பிடிக்க அது போதும்.

பட்டை கொடுத்தவர்களும் களைத்தார்கள். ஆசிரியைக்குக் கணுக்கால் வீங்கியது. கனகராஜுக்கு மாடி ஏறினால் இரைத்தது. ஒவ்வொரு வெள்ளியும் ரெஜினாள் சண்டை போட்டாள். "அடுத்த வாரம் நீங்கதான் படுக்கீய." ஒவ்வொரு புதனும் அவர் பட்டையைக் கழற்றினார். "எத்தன நாளு ஆச்சு?"

"அம்பத்தாறு."

"பாதி தாண்டியாச்சு. மக்ரூன் கொண்டாந்திருக்கேன், நீ மட்டும் தின்னு. இவளுகளுக்குக் குடுத்திராத, முந்திரி ஆகாது."

எழுபத்தொன்றாம் நாள், வியாழக்கிழமை மதியம், கடையில் முட்டை வெள்ளைக்கரு அடித்துக்கொண்டிருந்த ஆளிடம் ஏதோ சொல்லத் திரும்பியவர் அப்படியே சரிந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு இசக்கி போனாள். உள்ளே போகாமல் தெருவிலேயே வெயிலில் நின்றாள். கனகராஜின் மனைவி வெளியே வந்து அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர், "நாளைக்கு ஒனக்கு மெஷின் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

பட்டை போன பிறகு இசக்கி திங்கட்கிழமை ஒன்றோடு இழுத்துப் பிடித்தாள். தொண்ணூறாம் நாள் வந்தது. பதினோரு பேரும் உயிரோடு இருந்தார்கள். பட்டை கொடுத்தவர்களும் முடிவைக் கேட்கக் கூடத்துக்கு வந்திருந்தார்கள்.

காலை பதினொன்றரைக்கு இளஞ்சேரன் அழைத்தார். ரெஜினாள் எல்லோருக்கும் கேட்கும்படி போனின் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"சிஸ்டர், வாழ்த்துகள். ஜெயிச்சுட்டீங்க. கொழுப்புப் புள்ளி ரத்து. நிறைகோல் கணிச்ச மாதிரி அவங்க யாரும் இறக்கல. கமிட்டிக்கு ஆச்சரியம்."

கூடத்தில் யாரோ கை தட்டினார்கள். ரெஜினாள் மூச்சு விட்டாள். "அப்ப எல்லாருக்கும் மூணு தடவையா சார்?"



"இல்ல… இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வாரம் ஒரே ஒரு முறையில பதினோரு பேர் தொண்ணூறு நாள் நல்லா இருந்திருக்காங்க. அதனால கமிட்டி என்ன சொல்லுதுன்னா, மெலிஞ்ச உடம்புக்கு வாரம் ஒண்ணே போதும். மாநிலம் முழுக்க அம்பது கிலோவுக்குக் கீழே இருக்கற எல்லாருக்கும் இனி ஒரு முறை. புள்ளியே தேவையில்ல."

கை தட்டல் நின்றது.

ரெஜினாள் போனை முறைத்தாள். மறுபடியுமா? ஆறு மாதப் பொய் கத்தியானது. இந்தத் தொண்ணூறு நாள் பொய், அதைவிடப் பெரிய கத்தி. என்ன செய்து யாரைக் காப்பாற்றினாலும், அந்தக் காப்பாற்றலையே கத்தியாக்கத் தெரிந்திருக்கிறது இவர்களுக்கு.

"அப்புறம் ஒரு சின்ன சந்தேகம்" என்றார் இளஞ்சேரன். "உங்க பேஷன்ட் கனகராஜ். கொழுப்பு இருக்கு, எடை இருக்கு, வாரம் மூணு முறையும் தவறாம ஏறியிருக்கார். அவர் எப்படி இறந்தார்?"

"அவரு ஏறல சார்."

"என்ன?"

"புதன்கிழமை அவரு ஏறல. பட்டை மட்டும் ஏறுச்சு. அதே மாதிரி இன்னும் பத்துப் பேரு பட்டை. இவங்க பதினோரு பேரும் வாரம் ரெண்டு தடவை ஏறுனாங்க. ஒண்ணு போதும்னு எவன் எழுதுனாலும் அது பொய்."

இளஞ்சேரன் குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், நான் இதைக் கேக்கலைன்னு வச்சுக்கறேன். பதிஞ்சா அடுத்தவங்க பட்டையில ஏத்துனதுக்கு உங்க வேலை போகும். போலீஸ் கேஸ் வரும். ஒரு மரணம் வேற நடந்திருக்கு. யோசிங்க."

ரெஜினாள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குள் போன் அவள் கையிலிருந்து போய்விட்டது.

"சார், நான் இசக்கியம்மா பேசுதேன். கிள்ளிப் பாத்தீரே, அந்தக் கையிக்காரி. எழுதிக்கிடும். கனகராஜு அண்ணாச்சி பேருல நாலாம் நம்பர்ல படுத்தது நானு. பத்துப் புதன்கிழமை. எம் பேர முழுசா எழுதும்."

"அம்மா, உங்க மேலயும்…"

"எழுதுமய்யா!"

அவள் போனை அடுத்தவரிடம் நீட்டினாள். அவர் தன் பெயரைச் சொன்னார், யாருடைய பட்டையில் படுத்தேன் என்று சொன்னார், அடுத்தவருக்குக் கொடுத்தார். பட்டை கொடுத்தவர்களும் சொன்னார்கள். நகைக்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். ஆசிரியை அவரைப் பார்த்த பார்வையில் அவரும் சொல்லிவிட்டார். போன் நாற்காலி நாற்காலியாகச் சுற்றி ரெஜினாளிடம் திரும்பி வந்தபோது சூடேறியிருந்தது.

"எல்லாத்தையும் எழுதிட்டீங்களா சார்?"

"எழுதிட்டேன்." அவர் குரல் மாறியிருந்தது. "கனகராஜ் பதிவைத் திருத்தணும். மரணக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. பட்டியல்லேர்ந்துதான் எடுக்க முடியும். இதயம், தொற்று, ரத்தக்கசிவு, சிகிச்சையைத் தவறவிட்டது. நாலாவதைப் போடட்டுமா?"

"அவரு எதையும் தவற விடல."

"அப்ப என்ன போடறது?"

"மெஷின் பத்தலன்னு போடுங்க."

"அப்படி ஒரு காரணம் பட்டியல்ல இல்ல சிஸ்டர்."

"சேருங்க."

மறுமுனையில் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அவர் போனை வைத்துவிட்டுப் போய்விட்டாரோ என்று இசக்கி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு, ஒவ்வோர் எழுத்தாக, தயங்கித் தயங்கி, யாரோ தட்டச்சு செய்யும் ஒலி கேட்கத் தொடங்கியது.